நூற்றுப் பதிமூன்று தாய்மாருக்கு ஒரு வொய்ஸ்

றமீஸா ராத்தாவிடம் பெண்ணின் படத்தைப் போனில் அனுப்பச் சொன்னால் அனுப்ப மாட்டார். கண்டி டவுனில் நாலு கடை வைத்திருக்கும் ஹாஜியார் கேட்டாலும் ஒரே பதில்தான். "பார்க்கோணுமெண்டா வீட்டுக்கு வாங்கோ." மாப்பிள்ளையின் உம்மாவோ கூடப்பிறந்த ராத்தாவோ அக்குறணைக்கு வர வேண்டும், முன் அறைக் கதிரையில் இருக்க வேண்டும், கையிலுள்ள போனை மேசையில் கவிழ்த்து வைக்க வேண்டும். அதன் பிறகுதான் லெப்டொப் திறக்கும். ஒரு நிமிடம் காட்டுவார், மூடிவிடுவார். இரண்டாவது தரம் பார்க்க ஆசைப்பட்டால் பெண் வீட்டுக்குப் போய் நேரில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சம்பந்தம் பேசுகிற வேலையில் இப்படிக் கறாராக இருந்தால் பிழைக்க முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. பத்தொன்பது வருடமாக அவர் பிழைத்துத்தான் இருக்கிறார். மற்றத் தரகர்களிடம் கொடுத்த படம் மூன்றாம் நாள் எவனோ ஒருவனின் போனில் கிடக்கும். றமீஸா ராத்தாவிடம் கொடுத்தது அலுமாரிக்குள் பூட்டி வைத்த மாதிரி. அதனால்தான் மகளின் படத்தை வெளியே விடவே கூடாது என்று நினைக்கிற தாய்மாரும் அவரைத் தேடி வந்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் லெப்டொப்புக்குள் நூற்றுப் பதிமூன்று பெண்களின் படங்கள் இருந்தன.

அவருக்கு இன்னொரு குணமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பொய் வராது. மாப்பிள்ளைக்கு ஒரு காது மந்தம் என்றால் பயோடேட்டாவின் முதல் வரியிலேயே அதைப் போட்டுவிடுவார். பெண்ணுக்கு ஒருமுறை கல்யாணப் பேச்சு வந்து குழம்பியிருந்தால் அதையும் மறைக்க மாட்டார். "பொறகு தெரிஞ்சா நெஞ்சு வெடிக்கும், இப்ப தெரிஞ்சா தலையிடி மட்டும்தான்" என்பார். இதனால் குழம்பிய கல்யாணங்களும் இருக்கின்றன. ஆனால் றமீஸா ராத்தா சொன்னால் அது உண்மை என்பது மாத்தளை ரோட்டு முழுக்கத் தெரியும்.

அந்த நூற்றுப் பதிமூன்றில் ஸனாவின் படமும் ஒன்று. ஸனாவுக்கு இருபத்தொன்பது வயது, பாடசாலை ஆசிரியை. வாப்பா இல்லை. குறை என்று சொல்ல ஒன்றுமில்லாத பிள்ளை, உயரம் மட்டும் ஐந்தடி ஒன்பது அங்குலம். அவளைவிடக் கட்டையான மாப்பிள்ளைமாரின் உம்மாமார் லெப்டொப்பில் முகத்தைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்பார்கள், உயரத்தைக் கேட்டதும் தேத்தண்ணீரை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்புவார்கள். மூன்று வருடம் இப்படியே போனது. கடைசியில் பிலிமத்தலாவையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ரிஸ்மி அகப்பட்டான். ஆறடி. நல்ல பிள்ளை, நல்ல குடும்பம். அவனுடைய உம்மா ஹாஜியானிக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. இரண்டு வீட்டாரும் போய் வந்தாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பேசி முடிப்பது என்று நாளும் வைத்தாயிற்று. இந்தச் சம்பந்தம் சரி வர வேண்டுமென்று றமீஸா ராத்தா நடுச்சாமத்தில் தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழும்பித் துஆக் கேட்டிருக்கிறார். தன் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குக்கூட அப்படிக் கேட்டாரோ தெரியாது.

செவ்வாய் காலை பத்து மணி. கணவர் முஹைதீன் கடைக்குப் போய்விட்டார். வீட்டில் தனியாக இருந்த றமீஸா ராத்தா, மாவனல்லையிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையின் பயோடேட்டாவைத் தன்னுடைய பாணிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அது பூட்டுப் போட்ட மாதிரி, எழுத்தைத் தொட விடாத கோப்பு. அப்படிப்பட்டதை இலவசமாக மாற்றித் தரும் ஓர் இடத்தை இன்டர்நெட்டில் தேடிப் பிடித்தார். உள்ளே போனதும் ஒரு சின்னப் பெட்டி வந்து எதையோ கேட்டது. அதில் இரண்டு பொத்தான்கள். வழக்கம்போல நீல நிறத்தில் இருந்ததை அமத்தினார். நீலம் நல்லதுக்குத்தானே இருக்கும்!

ஐந்து நிமிடம் போயிருக்காது. திரை முழுவதும் சிவந்தது. பேரிரைச்சலோடு ஒரு சங்கு ஊதியது. பிறகு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல், பள்ளிக்கூட அதிபர் கூட்டத்தில் பேசுவதுபோல, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னது. றமீஸா ராத்தாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் அபாயம் என்பது விளங்கியது. கொம்பியூட்டரை அணைக்க வேண்டாம் என்பது விளங்கியது. உங்கள் படங்கள் களவு போய்க்கொண்டிருக்கின்றன என்பது மிக நன்றாகவே விளங்கியது. நடுவில் ஒரு கோடு, அதில் பச்சை நிறம் நகர்ந்து நகர்ந்து அறுபது வீதம், அறுபத்தொரு வீதம் என்று போனது. கீழே ஒரு வெளிநாட்டு இலக்கம், உடனே அழைக்கும்படி.

அவர் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? கழுத்தில் கிடந்த ஷோலை இழுத்துத் தலையை மூடினார். யாரோ உள்ளேயிருந்து தன்னைப் பார்க்கிறான் என்றே நினைத்துவிட்டார். அடுத்ததாக ஒரு குளிக்கிற துவாயை எடுத்து வந்து லெப்டொப்பின் மேல் போட்டார். துவாய்க்கு அடியிலிருந்தும் அந்தப் பெண் விடாமல் கத்தினாள்.

"யா அல்லாஹ், என்ட புள்ளைகள்!" என்று வாய்விட்டே அழுதார்.

அந்த இலக்கத்துக்கு அவர் எடுக்கவில்லை. கணவர் வீட்டில் இல்லாத நேரம் முன்பின் தெரியாத ஓர் ஆம்பிளையோடு என்ன பேச்சு என்று விட்டுவிட்டார். அந்த மட்டுக்கும் தப்பினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு அடுத்ததாகச் செய்தார் பாருங்கள் ஒரு வேலை, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி தோற்றுப் போவான்.

அடுத்தவரின் பொருளை அமானிதமாக வைத்திருப்பவர், அதற்கு ஏதும் நேர்ந்தால் பிறர் சொல்லித் தெரியும் முன்னே தானே போய் உரியவரிடம் சொல்ல வேண்டும். அப்படித்தான் அவர் வளர்ந்திருந்தார். மறைத்தால் அது மோசடி. போனை எடுத்தார். வட்ஸ்அப்பில் எல்லாத் தாய்மாருக்கும் ஒரே தடவையில் அனுப்புவதற்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். நோன்பு, பெருநாள் வாழ்த்துகள் அதில்தான் போகும். அதைத் திறந்து பேசினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் றமீஸா ராத்தா பேசுறேன். என்ட கொம்பியூட்டருக்குள்ள களவன் வந்திட்டான். நீங்க நம்பித் தந்த புள்ளைகள்ட படமெல்லாம் அவன்ட கைக்குப் போயிட்டு. எப்பிடித் தடுக்க எண்டு எனக்கு விளங்கல்ல. அமானிதத்தப் பாதுகாக்க ஏலாமப் போயிட்டு. அல்லாஹ்வுக்காக என்ன மன்னிச்சிக்கொள்ளுங்கோ."

முப்பத்தெட்டு விநாடி. கடைசி வரியில் அழுகை வந்துவிட்டது. அனுப்பினார். பிறகு, களவன் அப்படியே போனுக்குள்ளும் புகுந்துவிடுவானோ என்று பயந்து போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டார். லெப்டொப்பை மூடாமலே துவாயோடு சேர்த்துச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டுகஸ்தோட்டைக்கு ஓட்டோ பிடித்தார். துவாய்க்குள் அவள் கத்திக்கொண்டே வந்தாள். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னக் கொம்பியூட்டர்க் கடை. அதில் வேலை செய்பவள் நிஷாந்தினி. தோட்டத்தில் பிறந்து கண்டியில் படித்த பிள்ளை. எந்தப் பொருளைக் கொண்டுபோனாலும் முதலில் கொண்டு வந்த ஆளை இருத்தி வைப்பாள்.

"வாங்கம்மா, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? என்னா ஆச்சு?"

"மகள், இதுக்குள்ள ஒருத்தன் ஈக்கிறான். நூத்திப் பதிமூணு பொம்புளப் புள்ளைகள்ட படம். எல்லாம் எடுத்திட்டான்."

நிஷாந்தினி துவாயை அவிழ்த்தாள். சிவப்புத் திரையைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கீபோர்டின் ஒரு மூலையிலிருந்த பொத்தானை விரலால் அமத்திப் பிடித்தாள். சிவப்பு சுருங்கி, ஒரு சாதாரண இன்டர்நெட் பக்கமாக ஆகிவிட்டது. அதன் ஓரத்திலிருந்த பெருக்கல் குறியைத் தட்டினாள். சத்தம் நின்றது.

றமீஸா ராத்தாவுக்கு நம்ப முடியவில்லை. "போயிட்டானா?"

"வந்தாதானேம்மா போறதுக்கு" என்றாள் நிஷாந்தினி. "இது வெறும் வெளம்பரம் மாதிரி. பயமுறுத்துறதுக்குன்னே செஞ்சி வச்சிருக்கானுங்க. அந்த அறுபது, எழுபதுன்னு ஓடுதே, அது சும்மா படம். உள்ள ஒன்னும் ஓடல. அந்த நம்பருக்கு எடுத்தீங்களா?"

"இல்ல."

"நல்ல வேல. எடுத்திருந்தாதான் மோசம். ஒதவி பண்றேன்னு சொல்லி, அதை எறக்குங்க, இதை அமத்துங்கன்னு ஒங்க கையாலேயே கதவத் தொறக்க வச்சிருப்பானுங்க. எங்கயாச்சும் ஒரு பொட்டி வந்து அனுமதி கேட்டிச்சா? நீங்க சரின்னு அமத்தினீங்களா?"

நீலப் பொத்தான் நினைவுக்கு வந்தது. ஆமென்று தலையாட்டினார். நிஷாந்தினி எங்கேயோ உள்ளே போய் அந்த இடத்தின் பெயரைக் கண்டுபிடித்து, கொடுத்த அனுமதியை அழித்தாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று கொம்பியூட்டர் முழுவதையும் சோதிக்க விட்டாள். நாற்பது நிமிடம். றமீஸா ராத்தா கதிரை விளிம்பில் இருந்து ஓதிக்கொண்டே இருந்தார். சோதனை முடிந்து ஒரு பச்சைச் சரி அடையாளம் வந்தது.

"ஒன்னுமே இல்லம்மா. ஒரு படம்கூட எங்கயும் போகல. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

"மெய்தானா மகள்?"

"மெய்தான்."

அல்ஹம்துலில்லாஹ்! அவர் எழும்பி அந்தப் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஓடி வந்த கண்ணீரைத் துவாயாலேயே துடைத்தார். எல்லோருக்கும் நல்ல செய்தியைச் சொல்லலாம் என்று கைப்பையிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தார்.

போன் மேசைமேல் துள்ளியது. நின்றால்தானே! நூற்று நாற்பத்தாறு செய்திகள். தவறிய அழைப்புகள் எத்தனை என்று எண்ணவும் முடியவில்லை. பெண்ணைப் பெற்றவர்களின் சாபமும் அழுகையும் ஒருபக்கம். தெரியாத இலக்கங்களிலிருந்து, "இது நீங்கள் பேசிய வொய்ஸா?" என்று அவருடைய குரலையே அவருக்கு அனுப்பிக் கேட்டவர்கள் இன்னொரு பக்கம். அந்த முப்பத்தெட்டு விநாடி அக்குறணையைத் தாண்டி, மாத்தளைக்குப் போய், கம்பளைக்குப் போய், கொழும்பில் யாரோ ஒருவரின் குடும்பக் குழுவுக்கும் போய்விட்டிருந்தது. 'நம்பர் வன் தரகரின் கதி, எல்லாருக்கும் பகிருங்கள்' என்று யாரோ தலைப்பும் போட்டிருந்தார்கள்.

கடையில் நின்றபடியே இன்னொரு வொய்ஸ் அனுப்பினார். "அது பொய்யாம், கடையில காட்டிட்டேன், ஒரு படமும் போகல்ல, பயப்படாதீங்கோ" என்று. அதற்கு நாலே நாலு பேர் பதில் போட்டார்கள். அதை யாரும் யாருக்கும் பகிரவில்லை. களவு போனது செய்தி, களவு போகாதது ஒரு செய்தியா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அதற்கிடையில் ஸனாவின் உம்மா பர்ஹானாவிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. 'பிலிமத்தலாவையிலிருந்து போன் கோல் வந்தது. வெள்ளிக்கிழமை வர மாட்டார்களாம்.'

றமீஸா ராத்தா வீட்டுக்குப் போகவில்லை. லெப்டொப்பைக் கக்கத்தில் இடுக்கியபடியே பஸ் ஏறினார். கண்டியில் இறங்கி, பேராதனை வழியாகப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே பிலிமத்தலாவைக்குப் போய்ச் சேரும்போது பகல் ஒரு மணி தாண்டியிருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நேரே போய்ச் சொன்னால் சரியாகிவிடும் என்று மட்டும் நம்பினார். பத்தொன்பது வருடத்தில் அவர் நேரில் போய்ச் சொன்ன எதையும் யாரும் தட்டியதில்லை.

ஹாஜியானி முகம் சுளிக்காமல் வரவேற்றார். இருக்கச் சொன்னார், பழச்சாறு கொடுத்தார். றமீஸா ராத்தா நீலப் பொத்தானிலிருந்து பச்சைச் சரி அடையாளம் வரை ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தார். லெப்டொப்பைத் திறந்தும் காட்டினார். ஹாஜியானி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ராத்தா, நீங்க பொய் சொல்ற ஆள் இல்ல எண்டு எனக்குத் தெரியும்."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன். படம் போகல்ல."

"காலைல போயிட்டு எண்டு சொன்னீங்க. அப்ப ஒங்களுக்கு யாரையும் காப்பாத்தோணும் எண்டு ஈக்கல்ல. பயத்துல உள்ளதச் சொன்னீங்க. இப்ப ஒரு வாப்பா இல்லாத புள்ளைட வாழ்க்கை. அதுக்காக இப்பிடிச் சொல்றீங்க. பிழை எண்டு நான் சொல்லல்ல. ஒங்கட எடத்துல நான் ஈந்தாலும் அப்பிடித்தான் சொல்லுவேன்."

"வல்லாஹி, ஹாஜியானி..."

"சத்தியம் பண்ணாதீங்கோ ராத்தா. பாவம் வந்திடும்."

றமீஸா ராத்தா லெப்டொப்பை மூடினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவரைப் பொய்க்காரி என்கிறார், அதுவும் கோபமில்லாமல், இரக்கத்தோடு. அவரோடு சண்டை பிடிக்கவும் வழியில்லை.

"எனக்கு அந்தப் புள்ளையில ஒரு கொறையுமில்ல" என்றார் ஹாஜியானி. "ஆனா ரிஸ்மிட வாப்பாட பக்கத்து ஆக்கள் எல்லாருக்கும் அந்த வொய்ஸ் வந்தீக்கி. எந்தப் படம், எப்பிடிப் படம் எண்டு கேக்கிறாங்க. கல்யாணம் முடிஞ்ச பொறகும் கேப்பாங்க. நான் எத்தின பேருக்குப் பதில் சொல்ல?"

"தம்பி என்ன சொல்றார்?"

"அவன் கடைக்குப் போயிட்டான். ஒண்டும் சொல்லல்ல."

அக்குறணைக்குத் திரும்பி பர்ஹானாவின் வீட்டுக் கதவைத் தட்டும்போது பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லியாகிவிட்டது. கதவைத் திறந்தது ஸனா. பாடசாலையிலிருந்து வந்து இன்னும் உடுப்பு மாற்றவில்லை. உள்ளே அறைக்குள் பர்ஹானாவின் இருமல் கேட்டது. அவர் வெளியே வரவில்லை. மேசையில் திருத்த வேண்டிய மாணவர்களின் கொப்பிகள் இரண்டு அடுக்கு இருந்தன. ஸனா அதை நகர்த்திவிட்டுக் கதிரையைக் காட்டினாள்.

"மகள், படம் போகல்ல. கடையில காட்டினேன். எல்லாம் பொய்யாம்."

"தெரியும் ராத்தா."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல்ல. காலைல உம்மா அந்த வொய்ஸ எனக்கு அனுப்பினாங்க. கேட்ட ஒடனேயே தெரியும். போன மாசம்தான் பத்தாம் வகுப்புக்கு இதப் படிப்பிச்சேன். செவப்புத் திரை, சங்கு, நம்பர், எல்லாம்."

ஸனா படிப்பிப்பது கொம்பியூட்டர்ப் பாடம். அதை றமீஸா ராத்தா தன் கையாலேயே பயோடேட்டாவில் அடித்திருக்கிறார். எத்தனையோ மாமிமாருக்கு முன்னால் மனப்பாடமாக ஒப்புவித்திருக்கிறார். அரசாங்க உத்தியோகம், பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடும், மாஷா அல்லாஹ் நல்ல வசதி என்று. அந்தப் பிள்ளைக்குக் கொம்பியூட்டர் தெரியும் என்று அதற்கு அர்த்தம் என்பது ஒரு நாளும் அவருடைய மண்டையில் ஏறவில்லை.

"எனக்கி ஒரு கோல் எடுத்தீக்கலாமே, ராத்தா."

எப்படி எடுப்பது? நூற்றுப் பதிமூன்று பயோடேட்டாவிலும் தொடர்புக்கு என்று இருப்பது உம்மாவின் இலக்கம். ஒரு பிள்ளையின் இலக்கம்கூட அவரிடம் இல்லை. கேட்டதுமில்லை.

"ஒங்கட நம்பர் என்னட்ட இல்ல மகள்."

"ஒங்கட நம்பர் என்னட்ட ஈந்திச்சி. பாடத்தப் பாதியில வுட்டுட்டு வெளிய வந்து எடுத்தேன். பதினொரு தரம். அப்ப உம்மாக்கும் இன்னும் மூணு நாலு பேருக்கும்தான் விசயம் தெரிஞ்சீக்கும். அந்த வொய்ஸ அழிங்கோ எண்டு சொல்லத்தான் எடுத்தேன். ஒங்கட போன் ஓஃப்."

ஸனாவின் குரலில் கோபமில்லை. கொப்பி ஒன்றை எடுத்தாள், திரும்ப வைத்தாள். கோபித்து நாலு வார்த்தை ஏசியிருந்தால் றமீஸா ராத்தாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நான் பிலிமத்தலாவைக்கும் போய்ச் சொன்னேன் மகள். ஹாஜியானி நம்புறாங்க இல்ல. ஒங்களுக்காகப் பொய் சொல்றேனாம்."

"அவர் என்ன சொன்னார்?"

ரிஸ்மியைத்தான் கேட்கிறாள் என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "கடைக்குப் போயிட்டாராம். ஒண்டும் சொல்லல்லயாம்."

ஸனா தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"எனக்கி அவர புடிச்சீந்திச்சி, ராத்தா."

பத்தொன்பது வருடத்தில் ஒரு பெண் பிள்ளையும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. தாய்மார் சொல்வார்கள், வீடு பிடித்திருக்கிறது, குடும்பம் பிடித்திருக்கிறது என்று. பர்ஹானாவுக்கு ஒரு நல்ல சம்பந்தம் தவறிவிட்டது என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தார். தவறியது என்னவென்று இப்போதுதான் பார்த்தார்.

குழம்பிப்போன ஒவ்வொரு சம்பந்தத்துக்கும் அவரிடம் ஒரே ஒரு வார்த்தை உண்டு. நஸீப் இல்லை, எழுதி வைத்தது அவ்வளவுதான் என்பார், கேட்பவர்களும் பெருமூச்சு விட்டு ஏற்றுக்கொள்வார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவருக்குத்தான் பொய் வராதே. நஸீபை இதில் இழுக்க முடியாது. இது தான் அனுப்பிய வொய்ஸ்.

"நான்தான் மகள்" என்றார். "நான்தான் செஞ்சேன்."